யாரும் கேட்கவில்லை

நமல்வா காரை விட்டு இறங்குவதற்கு முன்பே நபங்காலா அவளைப் பார்த்துவிட்டாள். பார்த்தும் பார்க்காதது போல எண்ணெய்ச் சட்டியில் மண்டாசி அப்பங்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கிடாலேயில் ஜூலை மாதக் காலைகள் சீக்கிரம் சூடாவதில்லை. கரி அடுப்பைச் சுற்றி நாலைந்து பேர் வேலைக்குப் போகும் அவசரத்தில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். நமல்வா அவர்களுக்குப் பின்னால் போய் நின்றாள். மக்காச்சோள மாவு ஆலையின் பணியாளர் அதிகாரி, தம்பி வீட்டு வாசலில் அவன் பெண்டாட்டி போட்ட கடையில் வரிசையில் நிற்பது அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

"முலெம்பே, நபங்காலா," என்று வணக்கம் சொன்னாள்.

"முலெம்பே, அண்ணி. எத்தனை வேணும்?"

"மண்டாசி வாங்க வரலை."

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வாங்கறவங்க நிக்கட்டும்."

நமல்வா தள்ளி நின்றாள். ஈஸ்டருக்குப் பிறகு அவள் இந்த வீட்டுக்கு வரவே இல்லை. வந்தால் என்ன பேசுவது என்ற தயக்கம் ஒரு பக்கம். பேசினாலும் தம்பிக்குக் கேட்காது என்பது இன்னொரு பக்கம்.

தம்பி சிகுகு மூளைக்காய்ச்சலில் விழுந்து, உயிர் பிழைத்து, காதுகளை மட்டும் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்த கதை அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரியும். மூட்டை கட்டும் கூடத்தில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தவனை, பாதுகாப்பு என்று சொல்லி, ஆலை காலிச் சாக்குக் கிடங்குக்கு அனுப்பியது. ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தான். பிறகு ஒரு நாள் அடையாள அட்டையை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு நடந்து போய்விட்டான்.

இப்போது கட்டில், நாற்காலி செய்கிற பட்டறையில் வேலை. அங்கே இரண்டு தச்சர்களுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவர்களிடமிருந்து அவன் சைகை மொழி கற்றுக்கொண்டான். அவனிடமிருந்து நபங்காலா கற்றுக்கொண்டாள். நமல்வாவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். அவ்வப்போது நினைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் நபங்காலா முக்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள்.

"உட்காருங்க. என்ன விஷயம்?"

"இன்னிக்கு ஆலைக்கு நைரோபியிலிருந்து ஆளுங்க வர்றாங்க. பள்ளிக்கூடங்களுக்கு நம்ம மாவை வாங்கப் போறவங்க. காது கேக்காத தொழிலாளிங்களுக்கு என்னென்ன வசதி செஞ்சிருக்கோம்னு பார்த்துட்டுத்தான் ஒப்பந்தம் போடுவாங்களாம்."

"காது கேக்காத தொழிலாளி அங்க யாரு இருக்கா?"

நமல்வா கார் சாவியைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"ஓ," என்றாள் நபங்காலா. கரண்டியை எண்ணெயில் ஒரு தட்டு தட்டினாள். "ஜவுளிக் கடை வாசல்ல பொம்மைக்குச் சட்டை மாட்டி நிறுத்துவாங்களே. அதுக்கு இவரு வேணுமா?"

"அப்படி இல்லை. திரும்ப வேலைக்கு எடுத்துக்கறதாவும் மேனேஜர் சொல்றார். பழைய கூடத்துலயே. விளக்கெல்லாம் போட்டாச்சு."

"இருந்தப்ப கண்ணுல படலை. போனப்புறம் போட்டோவுக்கு வேணுமாக்கும்."

சிகுகு முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தான். தோளில் துண்டு. அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அவளுக்கு அது சங்கடமாக இருந்தது.

"அக்கா. டீ குடிச்சியா?"

குரலின் அளவு அவனுக்குத் தெரியாது. சந்தின் மறுகோடியில் போய்க்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

நபங்காலா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளால் பேசினாள். கோபம் அவள் விரல்களில் அப்படியே தெரிந்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பதிலுக்குக் கொஞ்சமாகக் கையசைத்தான். அவள் மறுபடி பேசினாள். அவன் சிரித்துவிட்டு, "சட்டை மாத்திட்டு வர்றேன்," என்று வாயால் சொல்லி உள்ளே போனான்.

நபங்காலா மறுபடி கரண்டியை எடுத்தாள்.

"போகாதேன்னு சொன்னேன். என்ன சொன்னாரு தெரியுமா? அந்த ஆலையில தனக்காக வாய் திறந்தது அக்கா ஒருத்திதானாம். அக்கா வந்து கேட்டா முடியாதுன்னு சொல்ல முடியாதாம்."

சட்டியிலிருந்து சூடாக இரண்டு மண்டாசியை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி நமல்வாவின் கையில் வைத்தாள்.

"காசு வேண்டாம். சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

காரில் போகும்போது சிகுகு பக்கவாட்டில் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தபடியே வந்தான். ஏதாவது பேசுவாள், உதட்டைப் படிக்கலாம் என்று. அவள் சாலையைப் பார்த்து ஓட்டினாள். ஓட்டும்போது பேச முடியாது என்பது அன்றைக்கு அவளுக்கு வசதியாக இருந்தது.

மண்டாசி மடியிலேயே ஆறிப்போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டுச் சமையலறையில்தான் அவன் கேட்டான். மூணே மூணு விஷயம்தான் அக்கா, என்றான். கன்வேயர் கிளம்பும் முன் பஸ்ஸர் அடிக்கிறதே, அதோடு சேர்ந்து எரிகிற மாதிரி ஒரு விளக்கு. காலையில் வாயால் சொல்கிற வேலையைப் பலகையில் எழுதிப் போடுவது. ஃபோர்க்லிஃப்ட் திரும்புகிற முனையில் ஒரு கண்ணாடி. இது இருந்தால் நான் என் இடத்திலேயே இருப்பேன், மேனேஜரிடம் சொல்லு.

"நாளைக்கே பேசறேன்," என்றாள் அவள்.

மறுநாள் மேலாளரின் அறை வாசல் வரை போனாள். உள்ளே யாரோ இருந்தார்கள். திரும்பி வந்துவிட்டாள். அந்த வாரம்தான் காண்டீனில் அந்தப் பேச்சு அடிபட்டது. அவள் பெரியப்பா பேரனுக்குக் காவலாளி வேலை கிடைத்ததை வைத்து, "இது நமல்வா குடும்பத்து ஆலை" என்று யாரோ சொல்ல, மேஜை முழுக்கச் சிரித்தார்கள். இப்போது தம்பிக்காக விளக்கும் கண்ணாடியும் கேட்டுப் போய் நின்றால் என்ன சொல்வார்கள்? அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டாள். அடுத்த வாரம் அடுத்த மாதமானது.

சிகுகு மறுபடி கேட்டபோது, யோசிக்காமல் வாயில் வந்தது அது.

"ஒத்துக்கலைடா."

அவன் அவளுக்கு ஆறுதல் சொன்னான். அதைத்தான் அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அவள் தோளில் கை வைத்து, "விடு அக்கா. நீ எனக்காகக் கேட்டியே, அது போதும்," என்றான்.

அவள் காட்டிய தூணில் விளக்கு மாட்டி முடித்த எலக்ட்ரீஷியன் நேற்று சாயங்காலம் அவள் மேஜைக்கு வந்து, "இவ்வளவுதான் மேடம், காபி குடிக்கிற நேரத்துல முடிஞ்சுபோச்சு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆலை வாசலில் வண்டிகள் நின்றிருந்தன. மேலாளர் ஒச்சோலா புது டை கட்டியிருந்தார். சிகுகுவைக் கண்டதும் இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாங்க, வாங்க. நம்ம ஆளு."

சிகுகு கையைக் கொடுத்தான். முகத்தைக் கொடுக்கவில்லை. தன் வேலையைப் பறித்தவர் இவர் என்று அவன் இத்தனை நாளும் நினைத்திருக்கிறான் என்பது நமல்வாவுக்குத் தெரியும். அவள் கைப்பையில் இல்லாத ஒன்றைத் தேடினாள்.

விருந்தினர்களில் முக்கியமானவர் கதோனி என்ற பெண்மணி. நாற்பது வயதிருக்கும், நெட்டையான உருவம், கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்தார். அவரோடு ஒரு இளைஞன் கறுப்புச் சட்டையில் வந்திருந்தான். ஒச்சோலா வணக்கம் சொன்னபோது அந்த இளைஞனின் கைகள் அசைந்தன. கதோனி அந்தக் கைகளைப் பார்த்துவிட்டுத் தன் கைகளால் பதில் சொல்ல, இளைஞன் அதைக் குரலாக்கினான்.

"உங்க ஊர்க் குளிரைப் பத்திச் சொன்னாங்க, நான் நம்பலைன்னு மேடம் சொல்றாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கதோனிக்கும் காது கேட்காது. மொழிபெயர்ப்பாளரோடு வருவார் என்பதை யாரும் நமல்வாவிடம் சொல்லியிருக்கவில்லை.

உரைகள் இருக்கும், சத்தம் இருக்கும், சிகுகுவுக்குப் பாதி புரியாது, போட்டோ எடுத்ததும் அழைத்துப் போய் விட்டுவிடலாம் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். இப்போது பார்த்தால், கதோனியும் சிகுகுவும் அறிமுகமான அடுத்த நிமிஷமே பேசத் தொடங்கியிருந்தார்கள். அவன் விரல்கள் அவ்வளவு வேகமாகப் போகும் என்று அவள் அறிந்ததில்லை. அவன் எதையோ சொல்ல, கதோனி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். ஆலைக்குள் தம்பி யாரையாவது சிரிக்க வைத்து எத்தனை நாளாயிற்று?

மூட்டை கட்டும் கூடத்தில் வேலையை நிறுத்திவிட்டுத் தொழிலாளர்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். பழைய கூட்டாளிகள் சிகுகுவின் முதுகில் தட்டினார்கள். மாவுத் தூசி ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

ஒச்சோலா கை காட்டினார். பஸ்ஸர் அடித்தது. கன்வேயருக்கு மேலே மஞ்சள் விளக்கு சுழன்று எரிந்தது. பட்டை நகரத் தொடங்கியது.

சிகுகு அண்ணாந்து பார்த்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் தட்டவில்லை. விளக்கு, தைக்கும் மெஷினுக்கு நேர் எதிரே இருந்த தூணில் மாட்டப்பட்டிருந்தது. அன்றைக்குச் சமையலறை மேஜையில் விரலால் கோடு போட்டு அவன் காட்டிய அதே தூண்.

கதோனி பலகையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். சும்மா பார்த்துவிட்டுப் போகிறவரல்ல அவர்.

"பலகை நல்லா இருக்கு. ஆனா எழுதறவர் பலகைப் பக்கம் திரும்பிக்கிட்டே பேசினா பாதி போயிடும்னு மேடம் சொல்றாங்க. விளக்கு இங்க மட்டும்தானா? கழிப்பறையில இருக்கறப்ப தீ பிடிச்சா ஒருத்தருக்கு எப்படித் தெரியும்னு கேக்கறாங்க."

ஒச்சோலா அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லி நமல்வாவுக்குச் சைகை காட்டினார்.

"இன்னொண்ணு கேக்கறாங்க. இதெல்லாம் பெரிய செலவு இல்லை. ஏன் முன்னாடியே செய்யலை?"

ஒச்சோலா தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர் போலத்தான் பேசினார். ஒருவேளை அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம்.

"மேடம், ஒளிக்க ஒண்ணும் இல்லை. இதுவரைக்கும் எங்ககிட்ட யாரும் கேட்டதில்லை. ஒருத்தர் வந்து எனக்கு இது வேணும்னு கேட்டிருந்தா, அன்னிக்கே யோசிச்சிருப்போம்."

அவர் பேசி முடித்துவிட்டார். இளைஞனின் கைகள் இன்னும் முடிக்கவில்லை. அந்த இடைவெளியில் நமல்வா தம்பியைப் பார்த்தாள். அவன் ஒச்சோலாவின் வாயைப் பார்க்கவே இல்லை. இளைஞனின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை தப்பாமல் அவனுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

கைகள் நின்றன.

சிகுகு நெற்றியைச் சுருக்கினான். மறுபடி சொல்லுங்கள் என்பது போல இளைஞனைப் பார்த்தான். இளைஞன் மறுபடி சொன்னான். பிறகு சிகுகு மெதுவாகத் திரும்பி, கூட்டத்தில் அக்கா நின்ற இடத்தைத் தேடினான்.

அவள் குனிந்துகொண்டாள்.

கதோனி இதைக் கவனித்தாரோ என்னவோ, இப்போது நேராக அவனிடமே கைகளால் கேட்டார். இளைஞன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "நீங்க இங்க வேலையில இருந்தவர். உங்களுக்கு என்ன வேணும்னு அப்போ நீங்க கேட்டீங்களா?"

ஒச்சோலா புன்னகையோடு காத்திருந்தார். கேட்டேன், அக்காவிடம் கேட்டேன் என்று அவன் சொன்னால் போதும். பணியாளர் அதிகாரியின் வேலையே அதுதான். கோரிக்கையை மேலே கொண்டுபோவது. இந்த மாசத்தோடு அவள் மேஜை காலியாகிவிடும்.

சிகுகு கைகளை உயர்த்தவில்லை. வாயால் சொன்னான், உரக்க.

"இல்லைங்க. கேக்கலை. எனக்கு என்ன வேணும்னு அப்போ எனக்கே தெரியாது."

கதோனி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் பார்வை போன திசையில், நமல்வாவைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

விளக்குக்குக் கீழே நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். திங்கட்கிழமையே வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று ஒச்சோலா எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார். சிகுகு தலையை ஆட்டினான். அது சம்மதமா, கேட்டுக்கொண்டேன் என்பதா, யாருக்கும் தெரியவில்லை.

வெளிவாசலில் அவள் காரின் கதவைத் திறந்துவிட்டாள். அவன் ஏறவில்லை.

"அக்கா. நீ கேட்டியா?"

தாழ்ந்த குரலில் பேசுவதாக அவன் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். காவலாளி திரும்பிப் பார்த்தான்.

அவள் கார் சாவியைப் பார்த்துக்கொண்டு என்னவோ சொன்னாள். அந்த வாரம் காண்டீனில் பேசினதை, பயந்ததை.

"கீழ பார்த்துப் பேசினா எனக்கு எப்படித் தெரியும்? என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

அவள் நிமிர்ந்தாள். உதடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும். முணுமுணுத்துத் தப்பிக்க வழியில்லை.

"கேக்கலை."

அவன் அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு தடவை கூட?"

"இல்லை."

"ஏன்?"

"தம்பிக்காகப் பண்றேன்னு பேசுவாங்கன்னு பயந்தேன்."

சிகுகு தலையைத் திருப்பி ஆலையைப் பார்த்தான். சாக்குக் கிடங்கின் தகரக் கூரை அங்கிருந்து தெரிந்தது.

"அந்த இருட்டுல எதிர்ல நிக்கறவன் வாய் கூடத் தெரியாது, அக்கா. யாரும் வர மாட்டாங்க. வந்தா சாக்கை எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஒரு வருஷம் ஒச்சோலாவைத் திட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இன்னிக்கு அவர் கையைக் குடுத்தப்ப, துடைச்சுக்கணும்னு தோணிச்சு எனக்கு. பாவம், அவருக்கு என்ன தெரியும்?"

"சிகுகு, நான் இன்னிக்கே அவர்கிட்ட போய்..."

"உள்ள உன்னை விட்டுக் குடுக்கலை. அக்கான்னு நினைச்சேனோ, பழக்கமோ, எனக்கே தெரியலை. அதுக்காக ஒண்ணும் நடக்காத மாதிரி உன் கார்ல ஏற முடியாது." சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். "நபங்காலாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

சாலையின் ஓரமாக நடந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு மட்டாட்டு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? வேன் வளைந்து விலகிப் போயிற்று. அவன் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தான்.

விருந்தினர்கள் சாப்பிடப் போன சமயம் பார்த்து அவள் ஒச்சோலாவின் அறைக்குப் போனாள். இந்த முறை உள்ளே யாரும் இல்லை.

"சார், என் தம்பி கேட்டான். என்கிட்ட கேட்டான். நான்தான் உங்ககிட்ட கொண்டு வரலை."

ஒச்சோலா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வந்து உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

"அவர் கேக்கலைன்னு சொன்னாரே?"

"எனக்காகச் சொன்னான்."

"அவர்கிட்ட நீங்க என்ன சொல்லி வச்சிருந்தீங்க?"

"நீங்க ஒத்துக்கலைன்னு."

ஒச்சோலா நாற்காலியில் சாய்ந்தார். ஜன்னலுக்கு வெளியே லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது.

"கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியலை, நமல்வா. அந்த வருஷம் மழை இல்லை, மக்காச்சோளம் இல்லை, பாதி ஷிஃப்டை நிறுத்தியிருந்தோம். முடியாதுன்னுகூடச் சொல்லியிருப்பேன். ஆனா அது நான் சொன்னதா இருந்திருக்கும். நான் சொல்லாததுக்கு ஒருத்தன் இத்தனை நாள் என் மேல வெறுப்பா இருந்திருக்கான்."

"தப்புதான் சார்."

"சரி. ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும். அதுவரைக்கும் இது வெளியே போக வேண்டாம். அந்த அம்மா காதுல இது விழவே..." பாதியில் நிறுத்தி, மேஜை மேலிருந்த பேனாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திங்கட்கிழமை உங்க தம்பி வரணும். அவர் வரலைன்னா கதோனி மேடம் ஏன்னு கேப்பாங்க. அதை மட்டும் பாருங்க. உங்க விஷயம் அப்புறம்."

அவள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டாள். பாரம் குறையும் என்று நினைத்தது நடக்கவில்லை. அவள் சொன்னதை அவரும் எடுத்துத் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் தம்பி வீடு இருந்த துவான் சந்துக்குள் காரைத் திருப்பினாள். அதற்கு முன் ஒரு தடவை சந்து முனை வரை வந்து, நேரே ஓட்டிக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

நபங்காலா வாசலில் எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலையில் பார்த்த முகம் இல்லை. கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க அண்ணி. அவரு இன்னும் வரலை, நேரா பட்டறைக்குப் போயிட்டாரு போல. எப்படி நடந்துச்சு? வேலைக்குத் திரும்ப எடுக்கறாங்களாமே. கூடத்துல வேலை செய்யற பொண்ணு ஒருத்தி இந்த வழியா வந்தா, சொன்னா. காலையில நான் கொஞ்சம் அதிகமா பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தாள். அடுப்பில் உகாலிக் களி கிண்டிக்கொண்டே பேசினாள். சுக்குமாக் கீரை நறுக்கித் தட்டில் இருந்தது. நமல்வா எங்கே தொடங்குவது என்று தெரியாமல், கடைசியிலிருந்து தொடங்கினாள்.

"அவன் கேட்டதை நான் மேனேஜர்கிட்ட சொல்லவே இல்லை, நபங்காலா. ஒத்துக்கலைன்னு நான் சொன்னது பொய்."

மரக் கரண்டி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

நபங்காலா கத்துவாள், வெளியே போ என்பாள் என்று காத்திருந்தாள் நமல்வா. அவள் சட்டியை மூடிவிட்டு அடுப்புக்கு முன்னாலேயே குந்தி உட்கார்ந்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அந்தக் கிடங்கு வருஷம்," என்றாள் நபங்காலா. குரல் உயரவே இல்லை. "வீட்டுக்கு வந்தா சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. நான் கத்தினேன் அண்ணி. காது கேக்காத மனுஷன்கிட்ட. உனக்கு ஒரு வேலையைக் காப்பாத்திக்கத் துப்பில்லையான்னு. எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியலையான்னு. நல்ல வேளை இதெல்லாம் அவருக்குக் கேக்காதுன்னு நினைச்சுப்பேன். என் முகம் அவருக்குத் தெரிஞ்சுதானே இருக்கும்?"

நமல்வா வாயைத் திறந்தாள்.

"வேண்டாம். இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க."

தரை லேசாக அதிர்ந்தது. சிகுகு வாசற்படியில் காலைத் தட்டி மரத்தூளை உதிர்த்துவிட்டு உள்ளே வந்தான். அக்காவைப் பார்த்தான். கையைக் கழுவிக்கொண்டு மனைவிக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

நபங்காலாவின் கைகள் அசைந்தன. அவன் பதில் சொன்னான். வாயே திறக்கவில்லை. நமல்வாவுக்குக் கேட்டதெல்லாம் விரல்கள் உள்ளங்கையில் படும் சின்னச் சத்தமும், அடுப்பில் கரி வெடிப்பதும்தான். ஒரு ஆள் கையைப் பார்த்து, திரும்பி மற்றவர் கையைப் பார்ப்பதற்குள் பேச்சு அவளைத் தாண்டிப் போயிருந்தது. நபங்காலாவின் கண்ணில் நீர் வந்தது. பிறகு எதற்கோ அவள் தலையை வேகமாக ஆட்டி மறுத்தாள். அவன் மறுபடி அதையே சொன்னான்.

என்ன அது? வேலைக்குப் போகிறேன் என்கிறானா? மாட்டேன் என்கிறானா? அந்தக் கதோனியிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறானா? நமல்வா அவன் முகத்தைப் படிக்கப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அவன் கை ஆலை இருக்கும் பக்கம் நீண்டது. பிறகு நமல்வாவின் பக்கம். அடுத்து எதையோ சொல்லத் தொடங்கினான். நபங்காலா எட்டி அவன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொல்றான், நபங்காலா?"

"அப்புறம் சொல்றேன், அண்ணி."

பிடித்த கைகளை அவள் விடவில்லை.